பூஜ்ஜியம் எழுதி அழித்த ஹார்டு டிஸ்க்

வேலை இதுதான். விண்டோஸ் 8 காலத்து லேப்டாப் ஒன்று, உள்ளே 500 ஜிபி சுழலும் ஹார்டு டிஸ்க். வேறொருவர் கைக்குப் போகிறது. போவதற்கு முன் பழையதெல்லாம் யாராலும் திரும்ப எடுக்க முடியாதபடி அழிந்திருக்க வேண்டும், புதிதாக ஒரு இயங்குதளமும் ஏறியிருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இந்த லேப்டாப்பில் கிடையாது. அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் என்று முடிவு செய்தேன். அதை நிறுவுவது பெரிய வேலை இல்லை. நேரம் பிடித்தது அழிப்பதும், அழிந்ததா என்று பார்ப்பதும்தான். எழுத வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

வெறும் பார்மட் ஏன் போதாது

மின்ட் நிறுவும்போதே டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவலாமா என்று ஒரு தேர்வு வரும். அதைக் கொடுத்தால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். போதாது. அது பார்ட்டிஷன் அட்டவணையை, அதாவது டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற குறிப்பை, மாற்றி எழுதும், புதிய கோப்பு முறைமைக்கு வேண்டிய அடிப்படைக் குறிப்புகளைப் போடும், இயங்குதளத்தின் கோப்புகளை நகலெடுக்கும். இதற்கெல்லாம் சில பத்து ஜிபி இடம் போதும். மிச்ச இடத்தில் பழைய பைட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியாச்சு, வீட்டுக்குள் சாமான் எதுவும் நகரவில்லை என்கிற கதைதான்.

படித்துத் தெரிந்துகொண்டதைக் கண்ணாலும் பார்த்துவிடலாம் என்று ஒரு சோதனை செய்தேன். வேண்டியதையெல்லாம் பேக்கப் எடுத்த பிறகு, நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸில் பூட் செய்து, டிஸ்க்கை விரைவு பார்மட் செய்தேன். கோப்பு மேலாளரில் பார்த்தால் காலி. அப்புறம் அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். கிறிஸ்தோஃப் கிரனியே எழுதியது. டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு மீட்பு மென்பொருளோடு சேர்ந்தே வரும். கோப்பின் பெயர், போல்டர் எதையும் அது தேடாது. டிஸ்க்கை முதலிலிருந்து படித்துக்கொண்டே போய், இன்ன வகைக் கோப்பு இப்படித்தான் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துப் பிடிக்கும். ஜேபெக் படம் என்றால் அதன் முதல் மூன்று பைட்டுகள் எப்போதும் ஒன்றுதான். அதைப் பார்த்ததும் அங்கிருந்து வெட்டி எடுத்து வேறொரு டிஸ்க்கில் சேமிக்கும்.

எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பாதியில் நிறுத்தி, வந்தவற்றைத் திறந்தேன். பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்களாக வந்திருந்தன. உள்ளடக்கம் மட்டும் பத்திரம். எப்போதோ ஸ்கேன் செய்து, மின்னஞ்சலில் அனுப்பி, அன்றைக்கே அழித்த அடையாள அட்டை ஒன்று முழுசாகத் திறந்தது. உலாவி தானாகச் சேமித்து வைத்த சின்னச் சின்னப் படங்கள், சம்பளச் சீட்டு, நாலு வரி மட்டும் இருந்த ஒரு டெக்ஸ்ட் கோப்பு. அந்த நாலு வரியில் இரண்டு பாஸ்வேர்டு. இதையெல்லாம் எடுக்க ஆய்வகம் தேவைப்படவில்லை. பொறுமை உள்ள யாரும் எடுக்கலாம்.

இது புதுச் செய்தியும் இல்லை. சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பழைய ஹார்டு டிஸ்க்குகளாக 158 வாங்கி ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் கடிதங்கள், சொந்த மின்னஞ்சல்கள் எல்லாம் கிடந்தன. விற்றவர்களில் எத்தனையோ பேர் பார்மட் செய்துவிட்டுத்தான் விற்றிருப்பார்கள்.

அழிப்பதற்கு முன்

பேக்கப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எடுத்த பேக்கப்பை இன்னொரு கணினியில் செருகி நாலு கோப்பைத் திறந்து பாருங்கள், அவ்வளவுதான். மறந்துபோகிற விஷயங்கள் வேறு. உலாவியில் சேமித்த பாஸ்வேர்டுகள். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு அந்தக் கணினியை மட்டுமே நம்பியிருக்கும் கணக்குகள். ஒரே கணினியில் மட்டும் இயங்க உரிமம் தரும் மென்பொருள்கள். அவற்றில் முதலில் உள்ளே போய் உரிமத்தை விடுவிக்க வேண்டும், டிஸ்க் போன பிறகு அதைச் செய்வது தலைவலி. வெளி டிஸ்க் எதையாவது விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரில் பூட்டி வைத்திருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி வேறு எங்காவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

திரும்பவும் விண்டோஸையே போடப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸோடு வந்த லேப்டாப்புகளில் அதன் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (சிப்பில் பதிந்திருக்கும் மென்பொருளிலேயே) இருக்கும். டிஸ்க்கை அழித்தால் அது போகாது. ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த மீட்புப் பார்ட்டிஷன் போய்விடும். அதனால் நிறுவும் பென்டிரைவையும் வைஃபை டிரைவரையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை முறை எழுத வேண்டும்

பழைய தரவு உண்மையில் அழிய வேண்டுமென்றால் அதன் மேலேயே பூஜ்ஜியம் போல வேறு எதையாவது எழுத வேண்டும். எத்தனை முறை என்ற கேள்விக்கு இன்னும் சண்டை நடக்கிறது. 35 முறை என்பார்கள். அந்த எண் வந்தது பீட்டர் கட்மன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து. அந்தக் காலத்து டிஸ்க்குகள் தரவைக் காந்தப் புலமாகப் பதிக்கும் முறைகள் பல வகை. எந்த வகை என்று தெரியாவிட்டாலும் சமாளிக்கட்டும் என்று எல்லா வகைக்குமான வடிவங்களையும் சேர்த்ததால்தான் 35 ஆனது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் அந்த 35-உம் தேவைப்பட்டதில்லை. பேய் ஓட்டும் மந்திரம் போல இதைச் செய்கிறார்கள் என்று கட்மனே பின்னாளில் சலித்துக்கொண்டார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பெயரில் உலவும் மூன்று முறைக் கணக்கும் பழசுதான். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி, காந்தத் தட்டு உள்ள டிஸ்க்கில் பூஜ்ஜியம் போன்ற ஒரே வடிவத்தை ஒருமுறை முழுக்க எழுதினாலே, ஆய்வகத்தின் நவீன முறைகளாலும் தரவை மீட்பது பொதுவாகத் தடைபடும் என்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் விளங்கும். இந்த டிஸ்க்கை ஒருமுறை முழுக்க எழுத ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 35 முறை என்றால் மூன்று நாள் லேப்டாப் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு சின்னப் பகுதியைச் சரிபார்ப்புக்குச் செலவிட்டால் கிடைக்கிற நிம்மதி பெரிது. ஒருமுறை எழுதுவது, பிறகு கடைசி பைட் வரை படித்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

டிஸ்க்கின் உடல்நிலை

பூஜ்ஜியம் எழுதுவதற்கு முன் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு அது. இரண்டு வரிகள் முக்கியம்: 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும். ஐந்து, கெட்டுப்போனதால் டிஸ்க் ஒதுக்கிவிட்டு உபரி இடத்துக்கு மாற்றிய செக்டார்களின் (டிஸ்க்கில் தரவு பதியும் சின்னச் சின்னக் கட்டங்களின்) எண்ணிக்கை. 197, சந்தேகத்தில் நிற்கும் செக்டார்கள். இது ஆரோக்கியத்துக்கு மட்டுமான கேள்வி இல்லை. ஒதுக்கப்பட்ட செக்டாரில் பழைய தரவு இருக்கலாம். நாம் வெளியிலிருந்து எழுதும் பூஜ்ஜியம் உபரி இடத்துக்குத்தான் போகும், அந்தப் பழைய இடத்துக்குப் போகாது. என் டிஸ்க்கில் இரண்டுமே 0. அப்பாடா.

அடுத்து, டிஸ்க் தன் அளவில் எதையாவது மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் மீட்புக் கருவிகளை வைக்க டிஸ்க்கின் வால்பகுதியை இயங்குதளத்தின் கண்ணில் படாமல் ஒதுக்கிவிடுவார்கள். எச்பிஏ என்று பெயர். எச்டிபார்ம் என்ற லினக்ஸ் கமாண்டில் கேட்டால், கண்ணுக்குத் தெரியும் செக்டார்கள் எத்தனை, உண்மையில் இருப்பவை எத்தனை என்று சாய்கோடு போட்டுக் காட்டும். இரண்டு பக்கமும் 97,67,73,168 என்று ஒரே எண். ஒரு செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் 50,010 கோடி பைட்டுக்குச் சற்று மேலே. 500 ஜிபி டிஸ்க்குக்குச் சரியான கணக்கு. மறைவாக எதுவும் இல்லை.

அதே எச்டிபார்மில் இன்னொரு வசதியும் உண்டு. டிஸ்க்கின் ஃபர்ம்வேரிடமே "உன்னை நீயே அழித்துக்கொள்" என்று சொல்லும் பாதுகாப்பு அழிப்பு. அதில் மேம்பட்ட வகை, ஒதுக்கப்பட்ட செக்டார்களையும் தொடும். பெரும்பாலான லேப்டாப்புகளில் பயாஸ், அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள், பூட் ஆகும்போதே இந்த வசதியை உறைய வைத்துவிடும். டிஸ்க்கின் விவரத்தில் ஃப்ரோசன் என்று வந்தால் அதுதான். லேப்டாப்பை ஒருமுறை தூங்கவைத்து எழுப்பினால் பல சமயம் விலகிவிடும். இங்கேயும் விலகியது. ஆனாலும் நான் அதைப் பயன்படுத்தவில்லை. இந்த வழியில் முதலில் டிஸ்க்குக்கு ஒரு பாஸ்வேர்டு வைக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் பூட்டிய நிலையிலேயே நிற்கும். பாஸ்வேர்டு தெரிந்தால் மீட்கலாம், ஆனால் வீண் அலைச்சல். எவ்வளவு முடிந்தது என்றும் காட்டாது. 5-ஆம் எண் 0 என்பதால் இதில் எனக்குக் கூடுதல் லாபமும் இல்லை. ஒதுக்கப்பட்ட செக்டார்கள் நிறைய இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். யுஎஸ்பி உறையில் போட்ட டிஸ்க்குக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். நடுவில் இருக்கும் சிப் கட்டளையை ஒழுங்காகக் கடத்தாமல் டிஸ்க் முடங்கிப்போக வாய்ப்பு உண்டு.

எழுதத் தொடங்கியது

கமாண்டைத் தட்டுவதற்கு முன் எந்த டிஸ்க் எது என்று உறுதி செய்வதுதான் இந்த மொத்த வேலையிலும் ஆபத்தான கட்டம். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரிசையாகப் பெயர் வைக்கும். ஆனால் பென்டிரைவை முதலில் கண்டுகொண்டால் அதுவே எஸ்டிஏ ஆகிவிடலாம். நேற்று இருந்த பெயர் இன்று இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் பெயரை நம்பவில்லை. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்டில் அளவு, மாடல், சீரியல் எண் மூன்றையும் கேட்டு வாங்கி, ஸ்மார்ட் அறிக்கையில் பார்த்த சீரியல் எண்ணோடு ஒப்பிட்டேன். பேக்கப் இருக்கும் வெளி டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வைத்தேன். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அங்கே இருப்பதை எந்தக் கமாண்டாலும் தொட முடியாது. சார்ஜரைச் செருகி, தூக்க நிலையை அணைத்தேன்.

எழுதியது டிடி கமாண்டில். உள்ளீடு பூஜ்ஜியம், வெளியீடு அந்த டிஸ்க் முழுவதும். பார்ட்டிஷன் எண் சேர்க்கக் கூடாது. எஸ்டிஏ1 என்று கொடுத்தால் அந்த ஒரு பார்ட்டிஷன் மட்டும்தான் அழியும். பிளாக் அளவைச் சொல்லாமல் விட்டால் டிடி 512 பைட்டாக எழுதி உயிரை வாங்கும். 1 எம்பி என்று கொடுத்தேன். நினைவகத்தில் தேக்கி வைக்காமல் நேரடியாக எழுதச் சொன்னேன். இல்லாவிட்டால் ஆரம்பத்தில் டிஸ்க்கால் நடக்கவே முடியாத வேகம் ஒன்றைக் காட்டி ஏமாற்றும். முன்னேற்றத்தைக் காட்டவும் சொன்னேன்.

என்டரைத் தட்டியதும் வினாடிக்கு 110 எம்பி வாக்கில் ஓடியது. இரண்டு மணி நேரம் வெறும் எண் ஏறுவதைப் பார்ப்பதில் சுவாரஸ்யம் எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர: வேகம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. பாதியில் 90. கடைசியில் 55-க்கு வந்துவிட்டது. டிஸ்க் கெட்டுப்போகிறது என்று பயப்பட வேண்டாம். எழுதுவது தட்டின் வெளி விளிம்பில் தொடங்கி உள்நோக்கிப் போகிறது. தட்டு சுற்றும் வேகம் மாறாது, ஆனால் உள்வட்டம் சின்னது. ஒரு சுற்றுக்கு டிஸ்க்கின் எழுதும் தலைக்குக் கீழே போகும் செக்டார்கள் அங்கே குறைவு. வேகம் சீராக இறங்கினால் டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறது. திடீரென்று விழுந்து, தத்தளித்து, மறுபடி ஏறினால்தான் கவலைப்பட வேண்டும்.

முடிவில் இடம் இல்லை என்ற பிழைச் செய்தியோடு நின்றது. அது பிழை இல்லை. டிஸ்க்கின் கடைசி வரை எழுதியாச்சு, மேலே எழுத இடமில்லை என்று அர்த்தம். எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கை முன்னே பார்த்த மொத்த அளவோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒத்துப்போகாமல் நடுவில் நின்றிருந்தால் அது வேறு சங்கதி, எழுத முடியாத செக்டார் ஒன்றில் முட்டியிருக்கும்.

லினக்ஸ் பக்கமே போகாதவர்கள் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்டோடு எஃப்10 அழுத்தினால் வரும் கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட்டை ஓட்டலாம். அதில் கிளீன் என்றால் அட்டவணைப் பகுதி மட்டும் போகும். கிளீன் ஆல் என்றால்தான் எல்லா செக்டாரிலும் பூஜ்ஜியம் விழும். ஒரு நொடியில் முடிந்துவிட்டால் நீங்கள் ஆல் போட மறந்துவிட்டீர்கள்.

அழிந்ததா?

ஹெக்ஸ்டம்ப் கமாண்டை மொத்த டிஸ்க்கின் மேலும் ஓட்டினேன். இது டிஸ்க்கில் உள்ள பைட்டுகளை 16 16-ஆக வரிசையில் அச்சிடும். ஒரே மாதிரி வரிகள் தொடர்ந்து வந்தால் முதல் வரியை மட்டும் காட்டி, மீதிக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு நட்சத்திரக் குறி போடும். அதனால் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் என்றால் திரையில் வர வேண்டியது மூன்றே வரி: பூஜ்ஜியங்கள் ஒரு வரி, நட்சத்திரம் ஒன்று, கடைசியில் டிஸ்க் முடியும் இடத்தின் எண். முதல் இரண்டு வரிகள் உடனே வந்துவிட்டன. மூன்றாவது வரிக்கு எழுதிய நேரத்தைவிட அதிகமாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் எங்காவது ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் நட்சத்திரத்துக்குக் கீழே அந்த வரி வந்து நிற்கும். எதுவும் வரவில்லை. அப்புறம் ஃபோட்டோரெக்கையும் மறுபடி ஓட்டினேன். இந்த முறை கண்டுபிடித்த கோப்புகள்: 0. ஸ்மார்ட் அறிக்கையில் 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும் மாறவில்லை.

இதே நம்பிக்கையோடு, சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியிடம் போகக் கூடாது. அங்கே நாம் ஓர் இடத்தில் எழுதச் சொன்னால், உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப் அதை வேறொரு காலிப் பிளாக்கில் எழுதிவிட்டு முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளும். செல்கள் சீராகத் தேய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. போதாததற்கு, வெளியே காட்டாத உபரி இடமும் உள்ளே உண்டு. முழுக்கப் பூஜ்ஜியம் எழுதினாலும் பழைய பிளாக்குகள் எங்கோ தங்கலாம். நாம் படித்துப் பார்க்கும் சோதனையும் அங்கே செல்லாது. காலி என்று குறித்த இடத்தைக் கேட்டால், உள்ளே உண்மையில் என்ன இருந்தாலும் பல எஸ்எஸ்டிகள் பூஜ்ஜியத்தையே நீட்டும். அங்கே ஃபர்ம்வேரின் சொந்தக் கட்டளைதான் வழி: எஸ்எஸ்டி கணினியோடு இணையும் முறையில் சாட்டா வகைக்கு மேலே சொன்ன பாதுகாப்பு அழிப்பு, என்விஎம்இ வகைக்கு ஃபார்மட் அல்லது சானிடைஸ் கட்டளை. சில மதர்போர்டுகளின் பயாஸிலேயே இதற்கான தேர்வு இருக்கும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2011-இல் செய்த ஆய்வில், இந்தக் கட்டளை சில எஸ்எஸ்டிகளில் தப்பாக அமைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதனால் என் சொந்தக் கணினியின் எஸ்எஸ்டியில் இயங்குதளம் நிறுவும்போதே முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்துவிடுகிறேன். கொடுக்கும் நாளில் சாவி இருக்கும் பகுதியை அழித்துவிட்டு, ஃபர்ம்வேர் கட்டளையையும் ஓட்டினால் போதும். எங்காவது பழைய பிளாக் தப்பியிருந்தாலும் அது சாவி இல்லாத குப்பை.

நிறுவல்

காலி டிஸ்க்கில் நிறுவுவதில் சொல்ல அதிகமில்லை. பார்ட்டிஷன் அட்டவணையே இல்லாததால் மின்ட் எந்தப் பழைய இயங்குதளத்தைப் பற்றியும் கேட்கவில்லை. புதிதாக அட்டவணை போட்டு, பூட்டுக்கான சின்னப் பார்ட்டிஷனையும் தானே உருவாக்கிக்கொண்டது. பூட் மெனுவில் சாதாரண நிறுவலை விட்டு, தயாரிப்பாளர்களுக்கான ஓஇஎம் நிறுவலைத் தேர்ந்தெடுத்தேன். இதில் நாம் நிறுவுவது தற்காலிகக் கணக்கில். வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதித்தேன், அப்டேட்டுகளைப் போட்டேன். சோதனைக்காகச் சேர்த்த வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மறக்காமல் நீக்க வேண்டும். அதை விட்டுவைத்தால் இவ்வளவு அழித்ததில் அர்த்தமில்லை. கடைசியாக, டெஸ்க்டாப்பில் இருக்கும் பயனருக்கு அனுப்பத் தயார்செய் என்ற ஐகானை ஓட்டி அணைத்தேன். அடுத்து யார் பவர் பட்டனை அழுத்துகிறார்களோ அவர்களிடம்தான் மொழி, பெயர், பாஸ்வேர்டு எல்லாம் கேட்கும்.